கோட்டையும் முற்றவெளியும்: யாழ்ப்பாண நகர உருவாக்கம் பற்றிச் சில குறிப்புகள்

யாழ்ப்பாணத்தின் தோற்றத்தை விளக்கப் புகுவோர் பெரும்பாலும் யாழ்பாடி கதையிலிருந்தே தொடங்குவர். குருடனான பாணனொருவன் யாழிசைத்து அரசனிடம் மணற்றிடலைப் பரிசிலாகப் பெற்றான் என்பது கதை. அதனைக் கூறும் மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலை, 18ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்த அதிகாரியொருவரின் வேண்டுகோளின்படி இயற்றப்பட்ட நூல் என்பது மனங்கொள்ளத்தக்கது. நிலத்தைப் படையாற் பெற்றவர் கேட்க, அது பாட்டாற் பெறப்பட்ட வரலாறு எழுதப்பட்டது.

தமிழரசரின் தலைநகர் நல்லூராகும். 1619 இல் பிலிப்பே டி ஒலிவேரா தலைமையிற் போர்த்துக்கேயர் இராச்சியத்தைக் கைப்பற்றியபின், ஆட்சிபீடம் கடனீரேரிக் கரைக்கு மாற்றப்பட்டது. கோவாவிலிருந்து ஆளப்பட்ட கடற்பேரரசுக்கு இஃது ஓர் எல்லைக் காவலரண். உள்நாட்டு மக்களைவிடக் கடல்வழித் தொடர்பையே அது நம்பியிருந்தது. எனினும் வெறுமணலில் எழுந்த அரணென்று கொள்வதற்கில்லை. அண்மைக்காலத்திற் கோட்டையினுள் நிகழ்ந்த அகழாய்வுகள், போர்த்துக்கேயர் வருமுன்னரே அங்கு வெளிநாட்டு வணிகத் தொடர்புகள் இருந்தமையைக் காட்டுகின்றன. அந்நியர் புதிதாகக் கொணர்ந்தது வணிகத்தையன்று. வணிகத்தைத் துப்பாக்கியின் கீழ்க் கொண்டுவந்த ஒழுங்கையே.

1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், அவ்விடத்தில் ஐங்கோணக் கோட்டையை எழுப்பினர். அதன் புறவரண்கள் 1792 இலேயே நிறைவுற்றன. மூன்றாண்டுகளின் பின் அது பிரித்தானியர் கைக்குச் சென்றது. நூற்றாண்டுக்கும் மேற்பட்ட இக்கட்டுமானத்தில் முருகைக்கல் சுமந்தோர் யாவர்? ஊழியம் என்னும் கட்டாய உழைப்புக்கு உட்பட்ட குடிமக்களும் அடிமைகளுமே. வன்னியிலிருந்து ஆனையிறவு வழியே கொணரப்பட்ட யானைகளும், தோட்டப் புகையிலையும், நிலத்தைக் கிண்டியெடுத்த சாயவேரும் கம்பனிக்கு வருவாயளித்தன. 1707 இல் தொகுக்கப்பட்ட தேசவழமை, நிலவுடைமையாளரின் வழக்காறுகளோடு அடிமைகள் பற்றிய விதிகளையும் எழுத்தில் நிலைநிறுத்திற்று. வாய்மொழியாய் நெகிழ்ந்திருக்கக்கூடிய சாதியுறவுகள் இவ்வாறு நீதிமன்றத்தில் எடுத்தாளத்தக்க சட்டமாயின. கோட்டைச் சுவரினும் உறுதியான அரண் இதுவேயென நாம் கருதுகின்றோம். அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்ட 1844க்குப் பின்னரும் அது தகரவில்லை.

பிரித்தானியர் கால வளர்ச்சியைச் சுருக்கமாகவே கூறலாம். மிசன் கல்லூரிகள் எழுதுவினைஞரை உருவாக்கின. 1905 இற் புகையிரதப் பாதை கொழும்புடன் இணைந்தது. மலாயாவிலிருந்து வந்த பணம் கல்வீடுகளாயிற்று. சுதந்திரத்தின் பின், 1949 இல் மாநகரசபை அமைந்தது. 1981 இல் நகரின் குடித்தொகை 1 இலட்சத்து 18 ஆயிரத்தை எட்டிற்று. அவ்வாண்டிலேயே, கோட்டைக்கு அண்மையிலிருந்த பொதுநூலகம் எரிக்கப்பட்டது.

கோட்டைக்கும் நகருக்கும் இடையே கிடக்கும் முற்றவெளியைப் பலரும் பொழுதுபோக்குத் திடலாகவே அறிவர். பீரங்கியின் பார்வைக்குத் தடையிருத்தலாகாது என்பதற்காகக் கோட்டைகளைச் சூழ இத்தகைய வெளிகள் விடப்படுவது அக்கால வழக்கம். 1966 ஒக்டோபர் 21 அன்று, தீண்டாமைக்கெதிராகச் சுன்னாகத்திற் புறப்பட்ட ஊர்வலம் பொலிசாரின் தாக்குதலையும் மீறி யாழ்நகரை வந்தடைந்தது. தேநீர்க்கடைகளும் கோயில்களும் எவருக்கு மூடப்பட்டிருந்தனவோ, அம்மக்கள் அன்று முற்றவெளியிற் கூட்டம் நடத்தினர்.