மதராஸ் யுனைடெட் கிளப்

மதராஸ் யுனைடெட் கிளப் என்பது 1888ஆம் ஆண்டு சென்னையில் புச்சி பாபு நாயுடு தொடங்கிய விளையாட்டுச் சங்கமாகும். மதராஸ் யுனைடெட் கிரிக்கெட் கிளப் என்றும் இது குறிப்பிடப்படுகிறது. தென்னிந்தியாவில் இந்தியர்கள் தமக்கென அமைத்துக்கொண்ட தொடக்ககாலக் கிரிக்கெட் சங்கங்களுள் இதுவே அதிகம் பேசப்படுவது. அதற்குக் காரணம் கோப்பைகளின் எண்ணிக்கை அல்ல. மதிய உணவு வேளையில் யார் எங்கே உட்காருவது என்ற கேள்வி.

பின்னணி

மதராஸ் கிரிக்கெட் கிளப் 1846இல் ஆங்கிலேயர்களால் நிறுவப்பட்டது. 1860களில் அதற்குச் சேப்பாக்கத்தில் மைதானம் கிடைத்தது. ஐரோப்பியர்களே அதன் உறுப்பினர்கள். அங்கே ஆடச் சென்ற இந்தியர்களுக்குப் பெவிலியனில் இடமில்லை. உணவு இடைவேளையில் ஐரோப்பிய ஆட்டக்காரர்கள் பெவிலியனுக்குள் சென்று அமர, இந்தியர்கள் வெளியே மரத்தடியில் உண்ண வேண்டியிருந்தது. ஒரே வெயிலில், ஒரே பந்தை எதிர்கொண்டு ஆடியவர்களை உணவு வேளை பிரித்து வைத்தது. புச்சி பாபுவை உறுத்தியது இதுவே.

புச்சி பாபு நாயுடு (1868–1908)

இவருடைய இயற்பெயர் மோதவரபு வெங்கடமகிபதி நாயுடு. பாரி நிறுவனத்தில் துபாஷாக இருந்தவரின் குடும்பத்தில் வளர்ந்தவர். ஆங்கில வணிகர்களுக்கும் உள்ளூர் வணிகர்களுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் நின்றவர்களே துபாஷிகள். பழைய சென்னையில் பெரும் செல்வம் இவர்களிடம் சேர்ந்திருந்தது. சிறுவயதிலேயே சேப்பாக்கத்து ஆட்டங்களைப் பார்க்கும் வாய்ப்பு புச்சி பாபுவுக்குக் கிட்டியது.

ஐரோப்பியர் சங்கத்தில் இடம் கேட்டு மனுப் போடாமல், அவர் எஸ்பிளனேடு மைதானத்தில் சொந்தச் சங்கத்தை அமைத்தார். இளைஞர்களைத் திரட்டினார், மட்டை, பந்து முதலியவற்றைத் தம் செலவில் வாங்கிக் கொடுத்துப் பயிற்சி அளித்தார். பணம் படைத்த ஒருவரின் கைச்செலவில் நின்ற முயற்சி இது என்பதையும் சொல்லியாக வேண்டும். அன்றைய விலையில் ஆங்கிலேய மட்டை ஒன்று சாமானியர் வாங்கக்கூடிய பொருளல்ல.

இதே 1888இல் ஐரோப்பாவிலும் ஒப்பிடத்தக்க ஒன்று நிகழ்ந்தது. அங்கேரியின் புடாபெஸ்டில் பழைய உடற்பயிற்சிச் சங்கம் ஒன்றிலிருந்து பிரிந்து வந்தவர்கள் எம்.டி.கே. என்ற பல்துறை விளையாட்டுச் சங்கத்தை நிறுவினர். யூதர்களுக்குக் கதவைத் திறந்துவைத்த சங்கம் அது. கால்பந்தில் அங்கேரியின் தேசியப் பட்டங்களைத் தொடர்ந்து வென்றது. பல ஆண்டுகள் அதன் தலைவராக இருந்த ஆல்பிரெட் புரூல் 1944இல் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டார். சென்னைச் சங்கம் எதிர்கொண்ட அவமதிப்பு இந்தக் கொடுமையின் அளவுக்குப் போகவில்லை. எனினும் ஒதுக்கப்பட்டவர்கள் விளையாட்டுச் சங்கம் வழியாகத் தம் இடத்தைத் தேடினர் என்பது இரண்டுக்கும் பொது.

பிரசிடென்சி ஆட்டம்

ஐரோப்பியர் அணியும் இந்தியர் அணியும் சமநிலையில் மோத வேண்டும் என்பது புச்சி பாபுவின் விருப்பம். ஐரோப்பியர் தரப்பில் பி. டபிள்யூ. பார்ட்ரிட்ஜ் ஒத்துழைத்தார். 1908 டிசம்பரில் முதல் ஆட்டம் நடைபெற இருந்த நிலையில், அதற்குச் சில நாட்களுக்கு முன் புச்சி பாபு தம் நாற்பதாம் வயதில் காலமானார். ஆட்டம் நிறுத்தப்படவில்லை. 1915 முதல் முதல்தர ஆட்டமாகக் கருதப்பட்ட இது, பொங்கல் விடுமுறையில் சேப்பாக்கத்தில் நடக்கும் ஆண்டு நிகழ்வாக வளர்ந்து 1952 வரை நீடித்தது.

இந்த ஆட்டங்களில் பழகிய கைகளின் பயன் 1934 நவம்பர் 4 அன்று தெரிந்தது. சேப்பாக்கத்தில் நடந்த முதல் ரஞ்சிக் கோப்பை ஆட்டத்தில் சென்னை அணி மைசூரை ஒரே நாளில் வென்றது. ஏ. ஜி. ராம்சிங் 11 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசிய எம். ஜே. கோபாலன், கிரிக்கெட்டிலும் ஹாக்கியிலும் இந்தியாவுக்காக ஆடியவர்.

கோட்டா ராமசாமி

புச்சி பாபுவின் மகன்களுள் பெரும்புகழ் பெற்றவர் ராமசாமி (பிறப்பு 1896). தாய்வழிப் பாட்டனாருக்குத் தத்துப் போனதால் கோட்டா என்ற குடும்பப் பெயர் வந்தது. 1922இல் டேவிஸ் கோப்பை டென்னிசில் இந்தியாவுக்காக ஆடினார். பதினான்கு ஆண்டுகள் கழித்து, நாற்பது வயதில், மான்செஸ்டரில் இங்கிலாந்துக்கு எதிராகத் தம் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடி 40, 60 ஓட்டங்கள் எடுத்தார். மொத்தம் ஆடியது இரண்டே டெஸ்டுகள், சராசரி 56.66. அந்த வயதில் முதல் வாய்ப்பு கிடைத்தவரின் கணக்கு இது என்பதால், முன்பே எடுத்திருந்தால் எவ்வளவு என்ற எண்ணம் எழாமல் இராது. 1985 அக்டோபரில் வீட்டை விட்டு வெளியே சென்ற அவர் பின்னர் காணப்படவில்லை.

புச்சி பாபு நினைவுக் கோப்பை

புச்சி பாபுவின் பெயரில் நடைபெறும் போட்டியைத் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் நடத்துகிறது. சில ஆண்டுகள் நின்றிருந்த இப்போட்டி 2023இல் மீண்டும் தொடங்கப்பட்டது. ரஞ்சிப் பருவத்துக்கு முன் பல மாநில அணிகள் இதில் பங்கேற்கின்றன.