யாந்திரா சூழ்ந்த தர்னோவோ

பல்கேரியாவின் வடபாகத்திலே, பால்கன் மலைத்தொடரினின்றும் இறங்கித் தன்யூப் நதியை நாடிச் செல்லும் யாந்திரா என்னும் ஆறு, ஓரிடத்தை அடைந்ததும் நேர்வழியை மறந்துவிட்டதுபோல வளைந்து வளைந்து ஓடுகின்றது. அவ்வளைவுகளுக்கிடையே செங்குத்தான குன்றுகள் எழுந்து நிற்கின்றன. சாரெவெட்ஸ், திராப்பெசிட்சா, புனித மலை என்று பொருள்படும் ஸ்வெத்தா கோரா ஆகியன அவற்றுள் முதன்மையானவை. ஆற்றுக்கு மேலே சரிவுகளில் வீடுகள் ஒன்றன் தோள்மேல் ஒன்று ஏறி நிற்பனபோல அடுக்கடுக்காய் அமைந்துள்ளன. கீழ்த்தெருவிலே நிற்பவனுக்கு மேல்வீட்டின் அடித்தளமும், மேல்தெருவிலே நிற்பவனுக்குக் கீழ்வீட்டின் ஓட்டுக்கூரையுமே முதலிற் கண்ணிற்படும். இந்நகரின் பெயர் தர்னோவோ. 'பெரிய' என்னும் பொருள்தரும் 'வெலிக்கோ' என்ற அடைமொழி 1965 ஆம் ஆண்டிலே அதன் பெயரோடு சேர்க்கப்பட்டது. இன்று அது வெலிக்கோ தர்னோவோ என்றே வழங்கப்படுகின்றது.

இந்நகருக்கு வருவோர் முதலிற் காணச் செல்வது சாரெவெட்ஸ் கோட்டையையே. மூன்று புறமும் ஆறு சூழ்ந்திருக்க, நான்காம் புறத்தில் ஒடுங்கியதொரு பாறைவழி மட்டுமே குன்றை நகரோடு இணைக்கின்றது. அவ்வழியே சென்று வாயில்களைக் கடந்தால் மதில்களும், அரண்மனையின் அடித்தளங்களும், பலப்பல சிறு கோயில்களின் சிதைவுகளும், உச்சியிலே தலைமைக் குருவின் ஆலயமும் காணப்படும். காட்சி கம்பீரமானது. ஆயினும், வருவோர் அறிந்துகொள்ள வேண்டிய உண்மை ஒன்றுண்டு. கண்முன்னே நிமிர்ந்து நிற்பவற்றுட் பெரும்பகுதி இருபதாம் நூற்றாண்டிலே எழுப்பப்பட்டது. 1930 ஆம் ஆண்டளவிலே தொடங்கிய சீரமைப்பு வேலை, பல்கேரிய அரசு தோன்றி ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் நிறைந்த விழாவையொட்டி 1981 ஆம் ஆண்டிலே நிறைவெய்தியது. தென்கோடியிலுள்ள 'போல்ட்வின் கோபுரம்' செர்வென் என்னும் வேறோர் ஊரில் எஞ்சியிருந்த பழங் கோபுரத்தை மாதிரியாகக் கொண்டு கட்டப்பட்டது. அதன் பெயரும் ஊர்வழக்கேயன்றி உறுதியான சான்றுடையதன்று. பழைய கல் எது, புதிய கல் எது என்று கேட்காமலே திரும்பிச் செல்வோர் பலர். கேட்பவனுக்கோ தர்னோவோவின் வரலாறு அக்கேள்வியிலேயே தொடங்குகின்றது.

1018 ஆம் ஆண்டிலே முதற் பல்கேரிய அரசு பைசாந்தியப் பேரரசன் இரண்டாம் பசிலின் கையில் முடிவெய்தியது. அதன்பின் நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாக நாடு கொன்ஸ்தாந்திநோபிளுக்கு வரி செலுத்தி வந்தது. 1185 ஆம் ஆண்டிலே பேரரசன் ஐசாக் அங்கெலோஸ் ஹங்கேரிய இளவரசியை மணந்தபோது, அத்திருமணச் செலவுக்கென விதிக்கப்பட்ட வரி மலைநாட்டு மக்களை வருத்தியது. பேதர், அசேன் என்னும் சகோதரர் இருவர் பேரரசனிடம் சென்று நிலமானியமொன்று வேண்டினர். அது மறுக்கப்பட்டது. துணிந்து பேசிய அசேனுடைய கன்னத்தில் அறையும் விழுந்தது. இச்செய்தியை எழுதிவைத்தவர் பைசாந்திய வரலாற்றாசிரியராகிய நிக்கெதாஸ் கோனியாதேஸ். சகோதரரின் பகைவர் தரப்பினர். அந்த ஓர் அறைக்குப் பேரரசு கொடுத்த விலை பெரிது.

ஊர் திரும்பிய சகோதரர், தர்னோவோவிலே புனித திமித்திரியுவின் பெயரால் அமைந்த கோயிலில் மக்களைக் கூட்டினர். அவ்வாண்டிலேதான் நோர்மானியர் தெசலோனிக்கா நகரைச் சூறையாடியிருந்தனர். அந்நகரின் காவற் புனிதர் கிரேக்கரைக் கைவிட்டுத் தர்னோவோவுக்கு வந்துவிட்டார் என்று அங்கே அறிவிக்கப்பட்டது. எழுச்சி மூண்டது, தர்னோவோ இரண்டாம் பல்கேரிய அரசின் தலைநகராயிற்று. சகோதரர் இருவரும் தம் நாட்டுப் பிரபுக்களின் கையாலேயே கொலையுண்டனர். அவர்களுக்குப்பின் அரசேறிய இளைய சகோதரன் கலோயன், 1205 ஆம் ஆண்டிலே அதிரியானோபிளுக்கு அருகில் நிகழ்ந்த போரிலே சிலுவைப்போர் வீரரை முறியடித்து, கொன்ஸ்தாந்திநோபிளின் லத்தீன் பேரரசன் போல்ட்வினையே சிறைப்பிடித்தான். சிறைப்பட்ட பேரரசன் மீண்டும் தன் நகரைக் காணவில்லை. கோபுரத்துக்கு அவன் பெயர் வந்த காரணம் இதுவே.

கோட்டையினின்றும் இறங்கி, ஆற்றங்கரையிலுள்ள அசேனோவா பகுதிக்கு வருபவன் அங்கே பெரிதும் உயரமற்ற ஒரு கோயிலைக் காண்பான். நாற்பது வேதசாட்சிகளின் கோயில் என்பது அதன் பெயர். தர்னோவோவிலே ஒரே ஓர் இடத்தை மட்டும் காண நேரமுள்ளவன் கோட்டையை விடுத்து இங்கேதான் வரவேண்டும். 1230 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 9 ஆம் நாள், அதாவது நாற்பது வேதசாட்சிகளின் திருநாளன்று, இரண்டாம் இவான் அசேன் மன்னன் குளோக்கோத்நிட்சா என்னுமிடத்தில் எப்பிரஸ் நாட்டு ஆட்சியாளன் தியோதோர் கொம்னெனோஸை வென்றான். அவ்வெற்றியின் நினைவாக எழுந்ததே இக்கோயில். அதன் தூணொன்றிலே மன்னன் தன் வெற்றியைப் பழம் பல்கேரிய மொழியிற் பொறித்துவைத்தான். தியோதோரும் அவன் பிரபுக்களும் சிறைப்பட்டதும், அதிரியானோபிள் தொடக்கம் துராற்சோ வரையுள்ள நிலம் தன் கைப்பட்டதும், கொன்ஸ்தாந்திநோபிளையும் அதன் அயலூர்களையும் ஆளும் லத்தீனியரும் தன் சொற்கேட்டே நடப்பதும் அங்கே கூறப்படுகின்றன. சிறைப்பட்ட சாதாரண வீரரை மன்னன் அவரவர் ஊருக்குத் திருப்பியனுப்பினான் என்பதைக் கல்வெட்டுக் கூறவில்லை; அதனைப் பைசாந்திய ஆசிரியரொருவர் எழுதியுள்ளார். பகைவனின் பேனா எழுதிய புகழுக்கு மதிப்பு அதிகம்.

அத்தூணின் அருகே இன்னொரு தூண் நிற்கின்றது. அது இக்கோயிலைக் காட்டிலும் நானூறு ஆண்டு மூத்தது. கிறித்தவம் பல்கேரியாவிற் பரவுவதற்கு முன், ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட ஒமுர்த்தாக் கான் நாட்டிய தூண் அது. தான் கட்டிய மாளிகைகளைப்பற்றிக் கிரேக்க எழுத்திலே கூறிவிட்டு, மனிதன் எத்துணை நன்றாக வாழினும் இறப்பான், வேறொருவன் பிறப்பான், பின்னே பிறந்தவன் இதனைக் கண்டு இதைச் செய்தவனை நினைப்பானாக என்னும் கருத்தையும் அவன் அதிலே பதித்துள்ளான். பழைய தலைநகர்ப் பகுதியிலிருந்து இத்தூணைக் கொணர்ந்து புதிய கோயிலைத் தாங்கச் செய்தான் இவான் அசேன். வேறு சமயத்தவனான முன்னோனின் பெயரை அழிக்காமல் தன் பெயருக்கருகே நிறுத்திய அம்மன்னனின் உள்ளம் எண்ணத்தக்கது. தன் அரசு புதியதன்று, பழைய அரசின் தொடர்ச்சியே என்று உலகுக்குக் காட்ட அவன் விரும்பினான் போலும்.

1235 ஆம் ஆண்டிலே தர்னோவோவின் திருச்சபைக்குத் தனியான தலைமைக் குருபீடம் உண்டென்பதைக் கிரேக்கத் திருச்சபை ஏற்றுக்கொண்டது. அதன்பின் நகரிலே மடங்களும் எழுத்தாளரும் ஓவியரும் பெருகினர். 1331 முதல் 1371 வரை ஆண்ட இவான் அலெக்சாந்தர் காலத்தில் இச்செழிப்பு உச்சநிலையை அடைந்தது. மனாசெஸ் என்பவரின் கிரேக்க வரலாற்று நூலை அக்காலத்திலே பல்கேரிய மொழியாக்கியவர், மூலநூலில் கொன்ஸ்தாந்திநோபிளைப் புகழ்ந்த இடத்திலே தம் மன்னனின் நகரைப் புகழ்ந்து எழுதினார். பழைய உரோமை வீழ்ந்தது, நம் நகரோ வளர்கின்றது என்ற பெருமிதம் அதிலே தொனித்தது. பின்னர் அந்நகரும் வீழ்ந்தது.

அம்மன்னனுக்காகச் சிமெயோன் என்னும் துறவி 1355, 1356 ஆம் ஆண்டுகளில் எழுதி முடித்த நற்செய்தி நூலிலே 366 வண்ண ஓவியங்கள் உள்ளன. மன்னனும் அரசியும் மக்களும் அதில் அரச உடையோடு காட்சியளிக்கின்றனர். இந்நூலைக் காண விரும்புவோர் தர்னோவோவுக்கு வந்து பயனில்லை. அது இலண்டனிலே பிரித்தானிய நூலகத்தில் இருக்கின்றது. 1837 ஆம் ஆண்டிலே ரொபேட் கேர்சன் என்னும் ஆங்கிலப் பயணிக்கு அதோஸ் மலையிலுள்ள மடமொன்றின் துறவியர் அதனை நினைவுப்பொருளாகக் கொடுத்தனர். அவர் குடும்பத்தாரிடமிருந்து 1917 ஆம் ஆண்டிலே அது பிரித்தானிய நூதனசாலையை அடைந்தது. எரிந்த நகரில் இருந்திருந்தால் அந்நூல் எஞ்சியிருக்குமோ என்பது ஐயமே. ஆயினும், தன் தலைசிறந்த நூலைப் பிற நாட்டுக் கண்ணாடிப் பேழையிலே காணவேண்டிய நிலை ஒரு நகருக்கு உவப்பானதன்று.

நகரின் இறுதிக் காலத்திலே தலைமைக் குருவாய் இருந்தவர் எவ்திமி. 1375 ஆம் ஆண்டு முதல் அப்பதவியில் இருந்த அவர், கிரேக்கத்திலிருந்து பெயர்க்கப்பட்ட நூல்களிலே படியெடுப்போரின் கவனக்குறைவால் மலிந்திருந்த பிழைகளைக் களைந்து, மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தி, எழுத்துமுறையை ஒழுங்கு செய்தார். ஓரெழுத்துப் பிழைத்தாலும் பொருள் பிழைபடும் என்பது அவர் கொள்கை. 1393 ஆம் ஆண்டிலே ஒத்தோமன் சுல்தான் பயசித்தின் படை நகரை முற்றுகையிட்டபோது மன்னன் இவான் சிஷ்மான் நகரில் இல்லை. காவற்பொறுப்பு அம்முதிய குருவின் மேல் விழுந்தது. மூன்று மாதகால முற்றுகைக்குப்பின் யூலை மாதம் 17 ஆம் நாள் நகர் வீழ்ந்தது. கோயில்கள் பாழாயின, பிரபுக்கள் பலர் கொல்லப்பட்டனர், எவ்திமி நாடுகடத்தப்பட்டார்.

நகரை வென்றவரின் கைக்கு எட்டாத பொருளொன்று அதற்கு முன்னரே வெளியேறத் தொடங்கியிருந்தது. எவ்திமியைப் போன்றே தர்னோவோ மரபிலே பயின்ற சிப்ரியான், கீவ் நகருக்கும் மொஸ்கோவுக்கும் பேராயரானார். எவ்திமியின் வாழ்வைப் புகழ்ந்தெழுதிய கிரெகோரி சம்பிளாக் பின்னர் கீவ் நகரின் பேராயரானார். அம்மரபில் வந்த கொன்ஸ்தாந்தின் என்பவர் சேர்பிய அரசவையை அடைந்து எழுத்திலக்கணம் பற்றி நூல் செய்தார். தர்னோவோவின் எழுத்துமுறையும் உரைநடையும் இவ்வாறு உருசிய நாட்டிலும் சேர்பியாவிலும் வேரூன்றின. மதிலை இழந்த நகர் தன் மொழியைப் பிறர் நாட்டிலே காப்பில் வைத்தது எனலாம்.

அதன்பின் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் ஒத்தோமானியர் ஆட்சி நிலவியது. நாற்பது வேதசாட்சிகளின் கோயில் முஸ்லிம்களின் வழிபாட்டிடமாயிற்று. 1598 ஆம் ஆண்டிலும் 1686 ஆம் ஆண்டிலும் தர்னோவோவில் எழுந்த கிளர்ச்சிகள் அடக்கப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டிலோ வாணிகமும் கைத்தொழிலும் பெருகின. இன்று காண்போரைக் கவரும் வீடுகள் பல அக்காலத்தவை. அவற்றைக் கட்டியோருள் தலையாயவர் திரியானோவோ என்னும் ஊரிற் பிறந்த நிக்கோலா ஃபிச்சேவ். 'கோல்யூ ஃபிச்செத்தோ' என்பது மக்கள் அவருக்கு இட்ட செல்லப்பெயர். சிறு குரங்குருவம் ஒன்று முகப்பிலே குந்தியிருக்கும் வீட்டை 1849 ஆம் ஆண்டிலும், ஹாஜி நிக்கோலி சத்திரத்தை 1858 ஆம் ஆண்டிலும் அவர் கட்டினார். ஒடுங்கிய சரிவிலே நிலம் குறைவாகையால், கீழ்த்தளத்தைச் சிறிதாக்கி மேல்தளங்களை வெளியே நீட்டிக் கட்டுவது இவ்வூர் வழக்கம்.

துருக்கிய அதிகாரி ஒருவருக்காக அவர் 1872 ஆம் ஆண்டிலே கட்டிக் கொடுத்த அரசாங்க மனையின் கதை விந்தையானது. 1877 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் உருசியத் தளபதி கூர்க்கோவின் படை நகருட் புகுந்தது. 1879 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலே அதே மனையிற் சுதந்திர பல்கேரியாவின் அரசமைப்பு மன்றம் கூடிற்று. பெர்லின் உடன்படிக்கை நாட்டைத் துண்டுபடுத்தியிருந்தமையால், அதனை எதிர்க்காமல் சட்டம் இயற்றுவது தகுமோ என்று பிரதிநிதிகள் முதலில் நெடுநேரம் வாதாடினர். மேற்சபை வேண்டுமென்றோர் தோற்றனர். பிரபுப் பட்டங்கள் விலக்கப்பட்டன. வயதுவந்த ஆடவர் யாவருக்கும் வாக்குரிமை வழங்கப்பட்டது. பல்கேரிய மண்ணில் அடிவைக்கும் அடிமை எவனும் அக்கணமே சுதந்திரன் எனவும் விதிக்கப்பட்டது. அன்றைய ஐரோப்பாவிலே இதனை விஞ்சிய சட்டங்கள் சிலவே. ஆயினும், தலைநகர் எனும் பேறு தர்னோவோவுக்குக் கிட்டவில்லை. அம்மன்றமே அதனைச் சோபியா நகருக்கு அளித்தது.

எனினும், நாடு தன் பெயரை நிலைநாட்ட வேண்டிய வேளையில் மீண்டும் இங்கேயே வந்தது. 1908 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 5 ஆம் நாள் இளவரசன் பெர்டினாண்டு பல்கேரியாவின் முழுச் சுதந்திரத்தை நாற்பது வேதசாட்சிகளின் கோயிலிலேயே அறிவித்தான். ஐந்தாண்டுகளின்பின், 1913 ஆம் ஆண்டிலே ஏற்பட்ட நிலநடுக்கம் அக்கோயிலைப் பெரிதும் சிதைத்தது. 1972 ஆம் ஆண்டிலே அங்கே அகழ்ந்தோர், கலோயனின் பெயர் பொறித்த பொன் மோதிரத்தோடு கூடிய கல்லறை ஒன்றைக் கண்டனர். அது மன்னனுடைய கல்லறைதானா என்பதில் அறிஞர் ஒருமனப்படவில்லை. ஆண்டுகள் பலவாகச் சீரமைக்கப்பட்ட கோயில் 2006 ஆம் ஆண்டிலே மீண்டும் திறக்கப்பட்டது.

சாரெவெட்ஸின் உச்சியிலுள்ள ஆலயத்தினுட் செல்வோர் திகைப்பது வழக்கம். 1985 ஆம் ஆண்டிலே தேயோபான் சோக்கெரோவ் தீட்டிய சுவரோவியங்கள் பழைய திருவுருவங்கள் போலன்றி, கருமையும் செம்மையும் கலந்து, நீண்டு மெலிந்த உருவங்களாகப் பல்கேரிய வரலாற்றின் துயரைக் காட்டுகின்றன. அங்கே வழிபாடு நடப்பதில்லை. சிலர் அதனைக் குறை கூறுவர். ஆனால், பழமையைப் போலி செய்யாது, புதியது புதியதே என்று ஒளிவின்றி நிற்பதால், மாதிரி பார்த்துக் கட்டிய கோபுரத்தைக் காட்டிலும் அச்சுவர்கள் நேர்மையானவை.

ஆற்றின் மறுபுறத்திலே, இடைக்காலத்தில் மடங்கள் இருந்த புனித மலையின் மேல் இன்று பல்கலைக்கழகம் ஒன்று நிற்கின்றது. 1963 ஆம் ஆண்டிலே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி, 1971 ஆம் ஆண்டிலே பல்கலைக்கழகமாக உயர்ந்த அது, சிலாவிய எழுத்தைத் தந்த சிரில், மெத்தோடியுஸ் என்னும் சகோதரரின் பெயரைத் தாங்கியுள்ளது. பிறநாட்டு மாணவரும் அங்கே வந்து பல்கேரிய மொழியைப் பயில்கின்றனர். அம்மலையின் விளிம்பில் நிற்போருக்கு ஆற்றுக்கப்பால் மதில்களும், அவற்றின்கீழே தூண்கள் இரண்டும் நிற்கும் அச்சிறு கோயிலின் கூரையும் தெரியும்.