லேத்துக்கு லெவல் பார்த்த கதை



வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நம்மவர்கள் சிலருக்கு ஒரு பழைய ஆசை இருக்கும்: வீட்டு ஷெட்டில் சொந்தமாக ஒரு குட்டி லேத்! பெட்டியைப் பிரித்து, கிரீஸை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, மேஜையில் வைத்து போல்ட்டை இறுக்கி, முதல் வேலையைக் கடைந்து பார்த்தால் ஒரு முனை பெருசு, ஒரு முனை சிறுசு. "மெஷின் சரியில்லீங்க" என்று உடனே கடைக்காரருக்கு போன் போகும். கொஞ்சம் பொறுங்கள். லேத்தின் துல்லியத்தில் பாதி, அதை நிறுத்தி வைக்கும் இடத்தில்தான் உருவாகிறது. நம் முன்னோடிகள் இதை அனுபவத்தில் கண்டறிந்த வரலாறு சுவையானது.

லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே என்ற தொழிலாளி, கூலி உயர்வு மறுக்கப்பட்டதால் ஜோசப் பிராமாவின் பட்டறையை விட்டு விலகி, 1797-ல் சொந்தப் பட்டறை போட்டார். அந்தக் காலத்தில் அவர் செய்த திருகு வெட்டும் லேத் இன்றும் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. டூலைக் கையால் பிடிக்காமல் ஸ்லைடில் பூட்டி, லீட் ஸ்க்ரூவால் நகர்த்தினார். அப்போதே ஒன்று தெளிவாகிவிட்டது. சேடில் ஓடும் பாதை எப்படியோ, வேலையும் அப்படித்தான். பாதை கோணினால் வேலையும் கோணும். பட்டறையில் அளவைப் பற்றிச் சண்டை வந்தால் தீர்ப்புச் சொல்ல அவர் ஒரு மைக்ரோமீட்டர் வைத்திருந்தார். அதற்கு அவர் இட்ட பெயர் 'லார்டு சான்சலர்', அதாவது அன்று இங்கிலாந்து நீதித்துறையின் தலைவர்!

அந்தப் பட்டறையில் வேலை பார்த்தவர்தான் ஜோசப் விட்வொர்த். உண்மையான சமதளம் செய்வது எப்படி என்று 1840-ல் கிளாஸ்கோவில் கூடிய அறிஞர் சபையில் அவர் கட்டுரை படித்தார். இரண்டு தட்டுகள் மட்டும் இருந்தால் ஒன்று குழிந்தும் மற்றது குவிந்தும் பொருந்தி நம்மை ஏமாற்றிவிடும். மூன்றாவது தட்டு வந்தால் குட்டு வெளிப்படும். சாயம் தடவி, மேடு தெரிந்த இடத்தை ஸ்கிரேப்பரால் கையாலேயே சுரண்டி எடுத்தார்கள். நல்ல லேத் பெட்கள் அந்தக் கைகளிலிருந்து வந்தவை.

மூன்றாமவர் பெர்லின் பேராசிரியர் கியோர்க் ஷ்லெசிங்கர். மெஷினை வாங்குகிறவர் எதை எதைச் சோதிக்க வேண்டும், எவ்வளவு பிசகு வரை ஏற்கலாம் என்று 1927-ல் புத்தகமே போட்டார். அவர் பட்டியலில் லேத்துக்கு முதல் வேலை, பெட்டை லெவல் பார்ப்பது. அவர் யூதர் என்பதால் 1933-ல் நாஜி ஆட்சியில் பதவி பறிபோய், சிறைப்பட்டு, நாட்டை விட்டே வெளியேற நேர்ந்தது. 1949-ல் இங்கிலாந்தில் காலமானார். மனிதரை விரட்டினார்கள், அவர் முறையை விரட்ட முடியவில்லை. இன்றைய ஐஎஸ்ஓ சோதனை விதிகள் அந்த வழியில் வந்தவையே.

இனி நம் ஷெட்டுக்கு வருவோம். வார்ப்பிரும்பு பெட் பார்வைக்குக் கல் மாதிரி இருந்தாலும், மேடு பள்ளமான மேஜையில் போல்ட்டை இறுக்கினால் முறுக்கிக்கொள்ளும். ஆகவே மேஜை கனமாக இருக்கட்டும். ஒரு மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டும் லெவலை பெட்டின் குறுக்கே, ஹெட்ஸ்டாக் பக்கம் ஒருமுறை, டெயில்ஸ்டாக் பக்கம் ஒருமுறை வைத்துப் பாருங்கள். இரண்டு இடத்திலும் குமிழி ஒரே கோட்டில் நின்றால் முறுக்கு இல்லை. வித்தியாசம் இருந்தால் காலடியில் ஷிம் கொடுங்கள்.

அடுத்தது கடைந்து பார்க்கும் சோதனை. 25 மி.மீ. கம்பியை சக்கில் பிடித்து, சுமார் 100 மி.மீ. வெளியே விடுங்கள். டெயில்ஸ்டாக் சென்டர் கொடுக்கக் கூடாது. நடுவைக் குறைத்து இரு முனையிலும் காலர் விட்டு, இரண்டையும் ஒரே செட்டிங்கில் லேசாகக் கடைந்து மைக்ரோமீட்டரில் பாருங்கள். வெளி முனை பெருசாக வந்தால், டெயில்ஸ்டாக் பக்க முன்காலுக்கு அடியில் மெல்லிய ஷிம் வையுங்கள். டூல் வேலையை நோக்கி ஒரு மயிரிழை சாயும். சிறுசாக வந்தால் அதே பக்கம் பின்காலுக்கு வையுங்கள். இது முடிந்த பிறகுதான் டெயில்ஸ்டாக்கைத் தொட வேண்டும். முதலிலேயே அதைத் திருகினால் ஒரு பிசகு இன்னொன்றை மறைத்துவிடும். ஒரு வாரம் ஓட்டிவிட்டு மறுபடி பார்ப்பது நல்லது.

தம்பி, தங்கைகளே! சிஎன்சி வந்துவிட்டதே, இதெல்லாம் எதற்கு என்று கேட்காதீர்கள். அதற்கும் பெட் உண்டு, கால் உண்டு, லெவல் உண்டு. ஃபிட்டர் அண்ணன்மார் கையில் இருக்கும் இந்த வித்தை அவர்கள் ஓய்வு பெறும்போது கூடவே போய்விடும். அடுத்த முறை ஒர்க்‌ஷாப்பில் புது மெஷின் இறங்கினால் பக்கத்தில் நின்று பாருங்கள். லெவலைக் கையில் வாங்கி நீங்களே ஒரு தடவை வைத்துப் பாருங்கள்.