ஒரு ராத்திரியில் தெரிந்துவிடுமா?

குத்துச்சண்டை மேடையில் விளக்கு அணைந்த அடுத்த நிமிஷமே தீர்ப்புகள் கிளம்பிவிடும். "பையன் பெரிய ஆளா வருவான்", "இவன் கதை இத்தோட முடிஞ்சது". இந்தத் தீர்ப்பு சொல்வதில் பிரிட்டன்காரர்களை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் அந்தத் தீர்ப்புகளில் எத்தனை நின்றன என்று வரலாற்றைப் புரட்டினால் கொஞ்சம் சிரிப்பு வரும்.

அமீர் கானை எடுத்துக்கொள்ளுங்கள் (நம்ம பாலிவுட் கான் இல்லீங்க, இங்கிலாந்தில் போல்டன் ஊர்க்காரர்). 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் பிரிட்டன் அனுப்பிய ஒரே குத்துச்சண்டை வீரர். 17 வயதில் வெள்ளி. ஊரே தலையில் தூக்கி வைத்து ஆடியது. 2008 செப்டம்பரில் மான்செஸ்டரில் பிரெய்டிஸ் பிரெஸ்காட் என்ற கொலம்பியர் அவரை 54 நொடியில் படுக்க வைத்தார். அவ்வளவுதான், ஆள் காலி என்றார்கள். கான் அமெரிக்கா போய் ஃப்ரெடி ரோச்சிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். 2009 ஜூலையில், அதே மான்செஸ்டரில், கோட்டெல்னிக்கை வென்று உலகப் பட்டம். பத்தே மாதம்!

ஆக, முதல் ராத்திரியும் முழு உண்மை இல்லை, 54 நொடியும் முழு உண்மை இல்லை. நடுவில் ஒரு புது வாத்தியார் வந்தார் என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

"வாத்தியார்" என்றதும் வடசென்னைக்காரர்களுக்குக் காது நிமிரும். வெள்ளைக்காரன் கொண்டுவந்த "ஆங்கிலக் குத்துச்சண்டை"யை ராயபுரம், வியாசர்பாடிப் பக்கம் நம்மவர்கள் தங்களுடையதாக்கிக்கொண்டபோது தனி ஆளைவிட பரம்பரைதான் பெரிதாக இருந்தது. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று. 2021-ல் பா. ரஞ்சித் படம் வந்த பிறகு இந்தப் பெயர்கள் உலகத் தமிழர் எல்லாருக்கும் தெரிந்துவிட்டன. ஒருவன் தோற்றால் பரம்பரை தோற்றது. ஆனால் தோற்றவனுக்குத் திரும்பிப் போக ஓர் இடமும் இருந்தது. 1980-ல் முகமது அலியே மெட்ராஸ் வந்து காட்சிப் போட்டி ஆடினார், முதல்வர் எம்.ஜி.ஆர். முன்னிலையில். 1994-ல் பாங்காக் உலகக் கோப்பையில் சென்னையின் தேவராஜன் வெண்கலம் வாங்கினார். இவ்வளவு ரசிகர்கள் இருந்த ஊரிலிருந்து ஏன் இன்னும் பலர் வரவில்லை? என் கணிப்பு: மேடை இருந்தது, வாத்தியார் இருந்தார், அங்கிருந்து தேசிய அணிக்கு ஏறிப்போக ஏணி சரியாக இல்லை.

அந்த ஏணி கிடைத்தால் என்ன ஆகும் என்பதை நான் குடியிருக்கும் பேகம்பேட்டிலிருந்து மூன்று நாலு மணி நேரத்தில் போய்விடக்கூடிய நிஜாமாபாத் காட்டியது. அங்கே முகமது சம்சாமுதீன் என்று ஒரு வாத்தியார். அவர் மகன் ஹுசாமுதீன் 2018, 2022 காமன்வெல்த் போட்டிகள் இரண்டிலும் வெண்கலம் வாங்கியவர். அதே வாத்தியாரிடம் ஆரம்பப் பாடம் படித்தவர்தான் நிகத் ஜரீன்.

நிகத் 2011-ல் துருக்கியில் ஜூனியர் உலகச் சாம்பியன் ஆனபோது வயது 14. அந்த ராத்திரியை மட்டும் பார்த்தவர்கள், அடுத்த ஒலிம்பிக்கே இவளுக்குத்தான் என்றிருப்பார்கள். நடந்தது என்ன? 2017-ல் தோளில் காயம். 2019-ல் ஒலிம்பிக் தகுதிச் சுற்றுக்கு மேரி கோமை நேரடியாக அனுப்பப் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும், நியாயமான தேர்வு வேண்டும் என்று விளையாட்டு அமைச்சருக்குப் பகிரங்கமாகக் கடிதம் எழுதினார். தேர்வு நடந்தது. 9-1 என்று தோற்றார். போட்டி முடிந்து மேரி கோம் கைகூடக் கொடுக்கவில்லை. அன்றைக்கு அந்தப் பெண்ணைப் பார்த்துப் பரிதாபப்பட்டவர்கள் உண்டு, கேலி செய்தவர்களும் உண்டு.

2022 மே 19, இஸ்தான்புல். தாய்லாந்து வீராங்கனையை 5-0 என்று வென்று உலகச் சாம்பியன். ஜூனியர் பட்டத்துக்கும் இதற்கும் இடையே பதினோரு வருஷம்! மூன்றே மாதத்தில் பர்மிங்காம் காமன்வெல்த்தில், அரையிறுதியில் இங்கிலாந்துப் பெண்ணையும் இறுதியில் வட அயர்லாந்துப் பெண்ணையும் வென்று தங்கம். 2023-ல் டெல்லியில் மறுபடி உலகப் பட்டம்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இரண்டாவது போட்டியிலேயே வெளியேறினார். "ஏமாற்றிவிட்டார்" என்றார்கள். தரவரிசை இடம் இல்லாமல் போன அவருக்கு அத்தனை சீக்கிரம் எதிரே வந்தவர் முதல் தரவரிசையில் இருந்த சீனாவின் வூ யூ. கடைசியில் தங்கம் வாங்கியதும் அதே வூ யூதான். யாரிடம் தோற்றார் என்று கேட்காமல் தோல்வியை எடைபோடக் கூடாது. 2025-ல் லிவர்பூல் உலகப் போட்டியில் காலிறுதியோடு நின்றார். அதே நவம்பரில் கிரேட்டர் நொய்டா உலகக் கோப்பை இறுதிச் சுற்றில் தங்கம்.

இதில் நம்மைப் போல வெளியூரில் பிழைப்பவர்களுக்கு ஒரு விஷயம் இருக்கிறது. நிகத்தின் அப்பா ஜமீல் அகமது சவூதியில் பல வருஷம் வேலை பார்த்தவர். மகள்களின் படிப்புக்கும் விளையாட்டுக்கும் துணை நிற்க ஊர் திரும்பினார். பெண்பிள்ளை அரை டிராயர் போட்டுச் சண்டை போடுவதா என்று சுற்றம் முணுமுணுத்தபோது காதில் வாங்கவில்லை. மேரி கோமிடம் தோற்ற அந்த டிசம்பரில் மகளை வீட்டுக்கு வா என்று அவர் கூப்பிட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இஸ்தான்புல் மட்டும் நடந்திருக்காது.

நம் வீடுகளில் குத்துச்சண்டை இல்லாமல் இருக்கலாம். அபாகஸ் போட்டி, நீச்சல், நுழைவுத் தேர்வு, அரங்கேற்றம் என்று ஏதோ ஒரு மேடை இருக்கிறது. முடிந்து காரில் திரும்பும்போதே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். ஜெயித்தால் டாக்டர், தோற்றால் "இவனுக்கு இது வராது". ஊரில் என்றால் ஆறுதல் சொல்லத் தாத்தா, பாட்டி, பக்கத்து வீடு என்று ஒரு பரம்பரையே இருக்கும். இங்கே அந்தப் பிள்ளைக்கு அப்பா அம்மா இரண்டு பேர்தான் பரம்பரை.

அதனால் வளரும் பிள்ளையை எடைபோட மூன்று கேள்வி போதும் என்று நினைக்கிறேன். யாரிடம் தோற்றது? அதற்கு நல்ல வாத்தியார் இருக்கிறாரா? தோற்ற மறுநாள் பயிற்சிக்குப் போக அதுவாகவே கிளம்புகிறதா? மூன்றாவதற்கு "ஆமாம்" என்றால், நம் வேலை வண்டியை எடுத்துக்கொண்டு போய் விடுவது மட்டும்தான்.