வாய்க்கு ஓர் எண்ணெய்க் குளியல்

எள்ளிலிருந்து எடுத்த நெய்தான் எண்ணெய். வடமொழியிலும் இதே கதைதான். 'தில' என்றால் எள், அதிலிருந்து பிறந்த சொல் 'தைலம்'. தேங்காயும் கடலையும் பின்னால் வந்து அந்தப் பெயரைக் கடன் வாங்கிக்கொண்டன. பூமிக்கடியிலிருந்து புறப்பட்ட மண்ணெண்ணெய்கூட எள்ளின் பெயரைச் சுமந்துகொண்டுதான் நம் அடுப்பங்கரைக்குள் நுழைந்தது! ஹரப்பாவைத் தோண்டியவர்கள் அங்கே கரிந்துபோன எள்ளைக் கண்டெடுத்தார்கள். அத்தனை பழைய உறவு. விளக்குக்கும் தலைக்கும் எண்ணெய் வார்த்தவர்கள் வாயை மட்டும் மறந்துவிடுவார்களா?

மறக்கவில்லை என்பதற்குச் சரக சம்ஹிதை சாட்சி. அதில் சூத்திர ஸ்தானத்தின் ஐந்தாம் அத்தியாயம், ஒருவன் அன்றாடம் தன் உடம்பைப் பேணிக்கொள்ள வேண்டிய முறையைச் சொல்கிறது. துவர்ப்பு, கார்ப்பு, கைப்புச் சுவையுள்ள குச்சியின் நுனியை நசுக்கி, ஈறு நோகாமல் இரண்டு வேளை பல் துலக்க வேண்டும். பிறகு நாக்கு வழிக்க வேண்டும். அதற்கான கருவி பொன், வெள்ளி, செம்பு, ஈயம், பித்தளை எதிலும் இருக்கலாம். (ஏழைக்கும் இடம் விட்டிருக்கிறார்கள்.) வாய் மணக்க ஜாதிக்காய், கிராம்பு, வெற்றிலை, கற்பூரம். இத்தனைக்கும் பிறகுதான் எண்ணெய் வருகிறது.

அந்த எண்ணெய் என்ன செய்யுமாம்? தாடைக்குப் பலம், குரலுக்குப் பலம், நாவுக்கு ருசி. தொண்டை வறளாது, உதடு வெடிக்காது, பல் வேர் உறுதிப்படும். புளிப்புத் தின்றால் பல் கூசாது. எவ்வளவு கடினமான பண்டத்தையும் கடித்துத் தின்னலாம். நம் வீடுகளில் தீபாவளிக்குச் சுடும் முறுக்கை அந்த ஆசிரியர் பார்த்திருக்க நியாயமில்லை. இருந்தாலும் எவ்வளவு அடக்கமான பட்டியல்! முகத்தையும் கழுத்தையும் தாண்டி அது ஓரடிகூட நகரவில்லை.

வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம் இதில் இரண்டு வகை பிரிக்கிறது. அசைக்க முடியாதபடி வாய் நிறைய வைத்திருப்பது கண்டூஷம். அசைத்துக் கொப்பளிக்கும் அளவு குறைவாக வைப்பது கவளம். எவ்வளவு நேரம்? கடிகாரம் இல்லாத காலத்து வைத்தியர் உடம்பையே கடிகாரமாக்கிக்கொண்டார். வாயில் கபம் நிரம்பி, மூக்கிலும் கண்ணிலும் நீர் கசியும்வரை வைத்திருந்து துப்பவேண்டும்.

இப்படி ஏட்டுக்குள் அடக்கமாக இருந்த பழக்கம் 1990-களில் 'ஆயில் புல்லிங்' என்ற புதுப் பெயரோடு திரும்பி வந்தது. உக்ரைன் நாட்டு வைத்தியர் ஒருவரின் பெயரும், சூரியகாந்தி எண்ணெயும் கூட வந்தன. நம் பாட்டன் சொத்து கப்பலேறிப் போய்க் கோட்டும் சூட்டுமாக வந்தால்தானே நாம் எழுந்து நின்று வரவேற்போம்! பட்டியலும் இதற்குள் நீண்டுவிட்டது. தலைவலி, மூட்டுவலி, ஆஸ்துமா, இருதய நோய் எல்லாம் தீருமாம். எண்ணெய் பால்போல் வெளுப்பது, உடம்பின் விஷமெல்லாம் அதில் இறங்கிவிட்டதற்கு அடையாளமாம். எண்ணெயும் உமிழ்நீரும் கலந்து அலசப்பட்டால் வெளுக்கத்தான் செய்யும். அதில் விஷமும் இல்லை, விசேஷமும் இல்லை.

அதற்காக முழுவதும் புரளி என்று தள்ளிவிடவும் முடியாது. ஈறு வீங்கிய 20 பையன்களைக் கொண்டு சென்னையில் நடத்திய ஆராய்ச்சி ஒன்று 2009-இல் வெளியாயிற்று. பாதிப் பேர் நல்லெண்ணெய் கொப்பளித்தார்கள். மற்றவர்கள் குளோர்ஹெக்ஸிடின் என்ற மருந்து நீர். பல்லில் படியும் அழுக்கும் ஈறு வீக்கமும் இரு சாராருக்கும் குறைந்தன. ஆனால் இருபது பேர் ஒரு தேசமாகிவிட மாட்டார்கள். அமெரிக்கப் பல் வைத்தியர் சங்கம், இதைச் சிபாரிசு செய்யப் போதிய சான்று இல்லை என்கிறது. எண்ணெய் புரையேறி மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரல் கெட்டவர்களைப் பற்றியும் வைத்திய ஏடுகளில் பதிவு உண்டு. சிறு குழந்தைகளிடம் இதைப் பரீட்சித்துப் பார்க்க வேண்டாம்.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறொன்று. சரகர் வரிசையில் குச்சி முன்னால், எண்ணெய் பின்னால். இன்றோ எழுந்தவுடன் எண்ணெய். சிலர் அதோடு நிறுத்தியும் விடுகிறார்கள், பல் துலக்கும் வேலையும் தீர்ந்தது என்று. எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கு வலப்பக்கக் கடைவாயில் சொத்தை. பல் வைத்தியரிடம் போகச் சொன்ன மகளிடம், "நம் முன்னோர்கள் முட்டாள்களா, அம்மா?" என்று கேட்டுவிட்டு ஏழு மாதம் எண்ணெய் கொப்பளித்தார். சொத்தை எண்ணெய்க்குக் காத்திருக்கவில்லை. கன்னம் வீங்கி ஜுரம் கண்ட பிறகு, ஒரு பல்லோடு போகவேண்டியது இரண்டாகப் போயிற்று.

காலையில் அவர் இன்னும் எண்ணெய் கொப்பளிக்கிறார். ஆனால், பல் துலக்கிய பிறகு. முறுக்கைத்தான் இடப்பக்கமாகக் கடிக்கிறார்.