நிழல் சொன்ன நேரம்: ஹ்வாசாங்-17 வீடியோவின் கதை

லெதர் ஜாக்கெட், கறுப்புக் கண்ணாடி, ஸ்லோ மோஷன் நடை. ஹேங்கர் கதவு திறக்குது, ரெண்டு பக்கமும் ராணுவ அதிகாரிகள். வாட்ச்சைப் பார்க்கிறார், கண்ணாடியைக் கழற்றுறார், தலையாட்டுறார். மாஸ் ஹீரோ இன்ட்ரோ இல்லைங்க. 2022 மார்ச் 25 அன்று வடகொரிய அரசு டிவி காட்டின ஏவுகணை வீடியோ. ஹீரோ, கிம் ஜாங் உன்.

முந்தைய நாள் பிற்பகல், பியாங்யாங் பக்கத்துல சுனான் விமான நிலையத்திலிருந்து ஒரு ஏவுகணை கிளம்பினது நிஜம். 6,200 கிலோமீட்டர் உயரம் தாண்டி, ஒரு மணி நேரத்துக்கு மேல பறந்து கடல்ல விழுந்தது. ஜப்பானும் தென்கொரியாவும் கண்காணிச்சுச் சொன்ன கணக்கும், வடகொரியா சொன்ன கணக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். சந்தேகம் வேற இடத்துல. பறந்தது புது ராட்சதன் ஹ்வாசாங்-17-ஆ, 2017-லயே பறந்த ஹ்வாசாங்-15-ஆ? நம்ம பாஷைல சொன்னா, சர்வர் லாக் சரி. டெமோல காட்டினது அதே பில்டா?

மாட்டிவிட்டது நிழல். ஏவினது மதியம் 2:30 மணிவாக்கில். அப்போ சூரியன் மேற்குப் பக்கம், நிழல் கிழக்கே விழணும். வீடியோல நிழல்கள் காலை 8-லிருந்து 10 மணிக்குள்ள எடுத்த மாதிரி விழுது. அன்னிக்கு சுனான்ல மேகமூட்டம். வீடியோல வானம் தெளிவு.

சரி, அந்தக் காலை எந்தக் காலை? மார்ச் 16-ஆ இருக்கலாம்னு ஆய்வாளர்கள் சந்தேகப்பட்டாங்க. அன்னிக்குக் காலை 9:30 மணி சுமாருக்கு சுனான்ல ஏவின ஒண்ணு, 20 கிலோமீட்டர் உயரம்கூடப் போகாம வெடிச்சது. தலைநகருக்குப் பக்கத்துலயே! பியாங்யாங் மக்கள் அந்தத் தோல்வியைக் கண்ணால பார்த்துட்டாங்க, அதை அவசரமா மறக்கடிக்கணும். இதுதான் காரணம்னு தென்கொரிய பாதுகாப்பு அமைச்சகம் சொன்னது. எனக்கு இந்த வாதம் பிடிபடுது. எதிரி நாட்டு ரேடாரை எடிட்டிங் ஏமாத்தாது. அந்த வீடியோ உள்ளூர் ஆடியன்ஸுக்கு.

ஆனா தென்கொரியாவும் இதுல நடுநிலை அம்பயர் இல்லை. ஹ்வாசாங்-15 முன்னாடி போன உயரம் 4,475 கிலோமீட்டர்தான். திடீர்னு 6,200 எப்படி? வெடிமுனை எடையைக் குறைச்சா முடியும்னு பதில் வந்தது. முடியும்தான். நிழல் வீடியோவோட நேரத்தைத்தான் சொல்லும். பறந்த ஏவுகணையோட பேரைச் சொல்லாது. இந்த ரெண்டையும் ஒண்ணாக் கலந்துதான் பல பேர் ‘ஏவுதலே பொய்’னு சொல்லிட்டாங்க.

நவம்பர் 18-ல மறுபடியும் ஹ்வாசாங்-17 ஏவினதா அறிவிச்சாங்க, 6,000 கிலோமீட்டருக்கு மேல. இந்தத் தடவை தென்கொரியாவும் அது ஹ்வாசாங்-17 மாதிரிதான் தெரியுதுன்னு சொன்னது. வெளியான படங்கள்ல உலகம் பார்த்தது ஏவுகணையை இல்லை, கிம் கையைப் பிடிச்சு நடந்த அவர் மகளை.