முதலாம் உலக மகாயுத்தம்: மூண்ட விதமும் போர்வீரர் பட்ட பாடும்

1914ஆம் ஆண்டு யூன் மாதம் 28ஆந் திகதி, ஒஸ்திரியாவின் முடிக்குரிய இளவரசர் பிரான்ஸ் பேர்டினந்தும் அவர் மனைவியாரும் சரயேவோ நகரிலே சுட்டுக் கொல்லப்பட்டனர். சுட்டவன் கவ்ரிலோ பிரின்சிப் என்னும் பொஸ்னியச் சேர்பிய இளைஞன், வயது 19. இக்கொலையே யுத்தத்துக்குக் காரணமென நாம் பாடசாலையிற் படித்தோம். தீக்குச்சியைக் குறைகூறிவிட்டு, வைக்கோலைக் குவித்து வைத்தவரை மறக்கலாமோ?

ஐரோப்பிய வல்லரசுகள் இரு கட்சிகளாகப் பிரிந்து, ஒன்றுக்கொன்று துணைசெய்வதாக வாக்களித்திருந்தன. ஜேர்மனியும் பிரித்தானியாவும் போர்க்கப்பல் கட்டுவதிற் போட்டியிட்டன. 1871இல் இழந்த மாகாணங்களைப் பிரான்சு மறக்கவில்லை. யூலை 28இல் ஒஸ்திரியா சேர்பியாமீது போர்ப் பிரகடனஞ் செய்தது. ருஷ்யா படைதிரட்டவே, ஜேர்மனி ஓகஸ்டு 1இல் ருஷ்யாமீதும் 3இல் பிரான்சுமீதும் போர் தொடுத்தது. ஜேர்மன் படை பெல்ஜியத்துட் புகுந்தது. அந்நாட்டின் நடுநிலைமையைக் காப்பதாக 1839இல் உடன்பட்டிருந்த பிரித்தானியா, 4ஆந் திகதி போரில் இறங்கிற்று. எட்டே நாளில் ஐரோப்பா தீப்பற்றியது.

முடிவு செய்தவர் சிலர். போர்முனைக்குச் சென்றவரோ நம்மொத்த வயதினர். நத்தாருக்கு முன் வீடு திரும்பலாமென்று பலர் நம்பினர். பிரித்தானியாவில் ஒரே ஊரவரும் ஒரே ஆலைத் தொழிலாளரும் தோழமையோடு ஒரே படைப்பிரிவிற் சேர்ந்தனர். மேற்குப் போர்முனையில் வடகடல் முதல் சுவிற்சர்லாந்து எல்லைவரை, ஏறக்குறைய 400 மைல் தூரம், அகழிகள் நீண்டன. சேறும் பேனும் எலியும் அவ்வீரரின் தோழராயின. ஈரத்திலே நின்று கால்கள் அழுகின.

1914 நத்தாரன்று சில இடங்களில் இருதரப்பு வீரரும் அகழியைவிட்டு வெளியே வந்து கைகுலுக்கினர்; புகையிலையைப் பரிமாறினர்; இறந்தோரைப் புதைத்தனர். மேலதிகாரிகள் இதனைத் தடைசெய்தனர். 1915 ஏப்பிரல் 22இல் ஈப்பர் நகரருகே ஜேர்மனியர் குளோரின் நச்சுவாயுவை ஏவினர். 1916 யூலை 1இல், சொம் போரின் முதல் நாளில் மாத்திரம், பிரித்தானியப் படையில் 19,000க்கு மேற்பட்டோர் மடிந்தனர். அக்கிறிங்ரன் என்னும் சிற்றூரின் பெயர்பூண்ட படைப்பிரிவில் முன்னேறிய சுமார் 700 பேரில் 580க்கு மேற்பட்டோர் மாண்டனர், காயமுற்றனர் அல்லது காணாமற்போயினர். ஒன்றாகப் பெயர் கொடுத்தவர் ஒன்றாகவே வீழ்ந்தனர்.

1918 நவம்பர் 11இல் பீரங்கிகள் ஓய்ந்தபோது மாண்ட போர்வீரர் சுமார் 90 இலட்சம்.

சங்கமாய்க் கூடி உழைக்கும் இளைஞர் நாம். அவ்வூர் இளைஞரின் ஒற்றுமையிலே குறையில்லை. அவ்வொற்றுமையை எதற்காகக் கேட்கிறார்கள் என்று அவர்கள் வினவவில்லை. அன்பர்களே, ஒன்றுபடுமுன் அவ்வினாவை வினவக் கற்போமாக.